தெய்வம் இறங்கி வந்தால் மனிதனுக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: "ஃபேண்டஸி நாவல்களில் கடைசி நேரத்தில் ஏதோ ஒரு தெய்வ சக்தி வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறது. அப்படியானால் அதுவரை கதாபாத்திரங்கள் பட்ட பாட்டுக்கு என்ன மதிப்பு? அருள் என்பது முடிச்சை அவிழ்க்கத் தெரியாத எழுத்தாளர் பிடித்துக்கொள்ளும் சுலபமான வழிதானே?"

மோசமான நாவல்களைப் பற்றிய கேள்வியென்றால் ஆமாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நல்ல நாவல்களில் நடப்பது வேறு. அவற்றில் அருள் எங்கிருந்தோ திடீரெனக் கொட்டுவதில்லை. ஒரு மனிதன், பலன் என்னவென்று தெரியாமல், எப்போதோ திறந்து வைத்த கதவின் வழியாகத்தான் அது உள்ளே வருகிறது. அந்தக் கதவு எங்கே திறந்தது என்று தேடிப் படிப்பதுதான் இந்த நூல்கள் எனக்குத் தந்த பெரிய இன்பம்.

கதைகளுக்குப் போகும் முன் ஒன்று. வரம் வேறு, அருள் வேறு. தமிழில் இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் பேசும்போது மறந்துவிடுகிறோம். வரம் என்பது தவத்துக்குக் கிடைக்கும் கூலி. தவம் முற்றிவிட்டால் பிரம்மன் வந்து நின்றே ஆகவேண்டும். கேட்பவன் இரணியனாக இருந்தாலும் கொடுத்தே ஆகவேண்டும். அருளுக்கு அப்படிக் கணக்கு கிடையாது. கேட்காமலும் வரும், தகுதி இல்லாதவனிடமும் வரும். மந்திரத்தைச் சரியாகச் சொன்னால் நெருப்பு பிறக்கும் என்ற விதியோடு எழுதப்படும் மாயக்கதைகளில் இருப்பது பெரும்பாலும் வரம்தான். அருளை எழுதுவது அதைவிடப் பல மடங்கு கடினம்.

கடினமாவதற்குக் காரணம், நம்மவர்கள் பல நூற்றாண்டுகளாக வாதித்துவரும் அதே சிக்கல். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாய் வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். உயிர் கரையேறுவது இதில் எந்த வகை என்று வைணவத்தின் வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டார்கள். கிறிஸ்தவ உலகில் 5-ஆம் நூற்றாண்டில் அகஸ்டினும் பெலேஜியஸைப் பின்பற்றியவர்களும் மோதிக்கொண்டது ஏறக்குறைய இதே கேள்விக்காகத்தான். மிகுபுனைவு, அதாவது ஃபேண்டஸி, எழுதுபவர் இந்தக் கேள்வியை வாதமாக எழுத முடியாது. ஒரு பள்ளத்தின் விளிம்பில் ஒருவனை நிற்க வைத்து, அடுத்து என்ன நடக்கிறது என்று காட்டியாக வேண்டும்.

அப்படிப்பட்ட விளிம்புகளில் மிகப் பெரியது டோல்கீன் எழுதிய டூம் மலை.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அதில் மதமே இல்லை. நல்லவர்களின் நாடுகள் எதிலும் கோவில் இல்லை, குருமார் இல்லை, வழிபாட்டு நூல் இல்லை. ஃபாரமிரின் வீரர்கள் உணவுக்கு முன் மேற்கு நோக்கிச் சிறிது நேரம் மௌனமாக நிற்கிறார்கள்; சடங்கு என்று சொல்லத்தக்கது அநேகமாக அவ்வளவுதான். அவருடைய தொன்மக் கதைகளிலோ இன்னும் தீவிரமான ஒரு செய்தி இருக்கிறது. நூமெனோர் தீவில் மக்கள் இறைவனை ஒரு மலையுச்சியில், கூரையோ பலிபீடமோ இல்லாத வெட்டவெளியில் வணங்கினார்கள். அங்கே மாபெரும் ஆலயம் ஒன்றை எழுப்பியவன், கதையின் பெரிய தீயவனான சாரோன். அதில் நடந்தது நரபலி. மதம் எந்த இடத்தில் அழுகத் தொடங்குகிறது என்பது குறித்து, ஆழ்ந்த நம்பிக்கை கொண்ட ஒருவர் எழுதிய பக்கங்கள் அவை. அதனால்தான் அவற்றுக்கு இத்தனை கனம்.

டோல்கீன் கத்தோலிக்கர். 1904-இல் தாயை இழந்தபோது அவருக்கு வயது 12. பிரான்சிஸ் மோர்கன் என்ற பாதிரியார்தான் காப்பாளராக இருந்து வளர்த்தார். 1953 டிசம்பரில் ஒரு யேசு சபை நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தன் நாவல் அடிப்படையில் சமயப் படைப்பு, கத்தோலிக்கப் படைப்பு என்றும், அதனாலேயே கதை உலகில் மதம் என்று சொல்லத்தக்க எதையும் வைக்கவில்லை என்றும் குறிப்பிட்டார். சமயம் கதையின் போக்கிலேயே கரைந்திருக்கிறது என்பது அவர் கருத்து. சாரோனின் மோதிரத்தை அழிக்க ரிவெண்டெல் என்ற இடத்திலிருந்து பயணம் புறப்படும் நாள் டிசம்பர் 25. மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. இரண்டாவது தேதி தேவதூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள். பழைய மரபின்படி இயேசு சிலுவையில் இறந்த நாளும் அதுவே. கதைக்குள் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இப்போது விளிம்புக்கு வருவோம். மோதிரத்தை நெருப்பில் எறிவதற்காக நாயகன் ஃப்ரோடோ பட்டினி கிடந்து, காயப்பட்டு, கடைசிச் சரிவில் நடக்க முடியாமல் தோழன் சாமின் முதுகில் ஏறி அந்த மலைக்கு வந்து சேர்கிறான். எறிய வேண்டிய நொடியில் எறிய மறுக்கிறான். மோதிரம் என்னுடையது என்று விரலில் போட்டுக்கொள்கிறான். நாயகன் தோற்றுவிடுகிறான். இதை எத்தனை பேர் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. முன்பு அந்த மோதிரத்தை வைத்திருந்து இழந்து, அதன் மீது வெறிகொண்டு பின்தொடர்ந்து வந்த கோல்லம் பாய்ந்து, ஃப்ரோடோவின் விரலைக் கடித்துத் துண்டித்து, மோதிரத்தைக் கையில் ஏந்திக் கூத்தாடி, கால் தவறி நெருப்பில் விழுகிறான். உலகம் பிழைக்கிறது.

இது தற்செயலா, அருளா? கேள்வி கேட்டவர் சொல்லும் சுலபமான வழி இதுதானா? இல்லை என்பேன். கோல்லம் அந்த விளிம்பில் உயிரோடு நிற்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் இருட்டுக் குகையில் ஃப்ரோடோவின் உறவினனான பில்போ அவனைக் குத்திக் கொன்றிருக்கலாம், இரக்கப்பட்டு விட்டுவிட்டான். கதையின் தொடக்கத்தில், அவனைக் கொன்றிருக்க வேண்டும், சாகத் தகுதியானவன்தான் என்று ஃப்ரோடோ சொல்கிறான். மந்திரவாதி கேண்டால்ஃப் மறுக்கவில்லை. சாகத் தகுந்தவர்கள் பலர் உயிரோடு இருக்கிறார்கள், வாழத் தகுந்தவர்கள் சிலர் செத்துப்போகிறார்கள், செத்தவர்களுக்கு உன்னால் உயிர் தர முடியுமா, அப்படியானால் மரணத் தீர்ப்பு வழங்க அவசரப்படாதே என்கிறார். பில்போவின் இரக்கம் பலருடைய விதியைத் தீர்மானிக்கக்கூடும் என்கிறார். எப்படி என்று அவருக்கும் தெரியாது. பிற்பாடு கோல்லம் நேரிலேயே கையில் அகப்படும்போது ஃப்ரோடோ அந்தச் சொற்களை நினைவுகூர்ந்து அவனை விட்டுவிடுகிறான். கடைசியாக, மலைச்சரிவில், அவனை அடியோடு வெறுக்கும் சாமே வாளை ஓங்கிவிட்டுத் தாழ்த்திக்கொள்கிறான். மூன்று கைகள் மூன்று முறை தாழ்ந்ததால்தான் மலையுச்சியில் அருளுக்கு ஒரு கருவி கிடைக்கிறது.

ஆகவே ஃப்ரோடோ குரங்குக்குட்டியும் அல்ல, பூனைக்குட்டியும் அல்ல. கை ஓயும்வரை பற்றியிருந்தான். கை ஓய்ந்த நொடியில் கவ்விக்கொள்ளப்பட்டான். அவனைக் கவ்விய வாய், அவனே உயிரோடு விட்ட எதிரியின் வாய்.

நாவல் வெளிவந்தபோது, துரோகியான ஃப்ரோடோவைக் கௌரவித்திருக்கக் கூடாது, தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்ற தொனியில் ஒரு வாசகர் கோபக் கடிதம் எழுதினாராம். டோல்கீன் பதில்களில் திரும்பத் திரும்பச் சொன்னது இது: அந்த இடத்தில், அந்த நேரத்தில், மோதிரத்தின் அழுத்தத்தை எவராலும் தாங்கியிருக்க முடியாது. ஃப்ரோடோ தன்னிடமிருந்த எல்லாவற்றையும் செலவழித்துவிட்டான். அதன்பின் கதையை எழுதும் மற்றொருவர் பொறுப்பேற்றுக்கொண்டார். அந்த எழுத்தாளர் நான் அல்ல என்றார் டோல்கீன்.

ஒன்றை மட்டும் இங்கே வலியுறுத்த வேண்டும். அருள் ஃப்ரோடோவின் கடனை அடைத்தது, காயத்தை ஆற்றவில்லை. ஊர் திரும்பிய பிறகும் ஆண்டுதோறும் அதே நாட்களில் நோய்வாய்ப்படுகிறான். காப்பாற்றிய ஊரில் அவனால் வாழ முடியவில்லை. கடலைக் கடந்து போய்விடுகிறான். அருள் வந்ததால் எல்லாம் இலவசமாகிவிட்டது என்று சொல்ல இந்த நாவலில் இடமே இல்லை.

டோல்கீன் இலைமறைகாயாக வைத்ததை வெளியே எடுத்து வைத்து, அதன் இயங்குமுறையையே கதையாக்கியவர் அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் மக்மாஸ்டர் பூஜோல்ட். அவருடைய 'த கர்ஸ் ஆஃப் சாலியன்' 2001-இல் வந்தது; அதே உலகில் நடக்கும் 'பாலடின் ஆஃப் சோல்ஸ்' 2003-இல் வந்து மறு ஆண்டு ஹ்யூகோ விருது பெற்றது. தமிழ் வாசகர்களிடையே இவர் பெயர் இன்னும் பரவலாகாதது எனக்குப் பெரிய ஆதங்கம். தெய்வத்துக்கும் மனித விருப்பத்துக்கும் உள்ள உறவை இவ்வளவு கறாராகச் சிந்தித்த மிகுபுனைவை நான் வேறு படித்ததில்லை.

15-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் சாயலில் அமைந்த உலகம் அது. ஐந்து தெய்வங்கள்: தந்தை, தாய், மகன், மகள், முறை தவறிப் பிறந்தவர். கடைசித் தெய்வத்திடம்தான் அனாதைகளும், வேறெந்தக் கணக்கிலும் சேராதவர்களும் போய்ச் சேர்கிறார்கள். இந்தத் தெய்வங்கள் மெய்யானவை; இருக்கின்றனவா என்ற ஐயமே அங்கு எழுவதில்லை. ஆனால் பருப்பொருள் உலகில் அவற்றால் தாமாக ஒரு துரும்பையும் அசைக்க முடியாது. ஓர் உயிர் தன் விருப்பத்தைத் தானே ஒதுக்கி வழிவிட்டால் மட்டுமே அவை உள்ளே வர முடியும். உமேகாத் என்ற பாத்திரம் இதை ஒரு மதுக்கோப்பையைக் கொண்டு விளக்குகிறது. கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே ஒரு சொட்டும் இறங்காது. அடிப்பக்கம் வழியாகக் கோப்பையை நிரப்ப முடியாது. மனித விருப்பமும் அப்படித்தான். புனிதர் என்பவர் ஒழுக்கத்தில் சிறந்தவர் என்பதில்லை. காலியாக நிமிர்ந்து நிற்கும் கோப்பை, அவ்வளவே.

நம் சமய மரபில் 'தான்' அற்றுப்போதல் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த உருவகம் அந்நியமாகத் தோன்றாது. பூஜோல்ட் அதிலிருந்து நகர்ந்து செல்லும் இடம்தான் புதியது. நாயகன் காஸரில் ஓர் உடைந்த மனிதன். கோட்டையை இழந்து, சூழ்ச்சியால் அடிமையாக விற்கப்பட்டு, கப்பலில் துடுப்பு வலித்து, முதுகெல்லாம் தழும்போடு திரும்பி வந்தவன். அரச குடும்பத்தின் மீது ஒரு சாபம் இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்காக ஒருவன் மூன்று முறை தன் உயிரைக் கொடுத்தால்தான் அது நீங்கும். ஒரே உயிரை எப்படி மூன்று முறை கொடுப்பது? கதையைக் கெடுக்க வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

சாபத்தைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு வெகு முன்பே, அந்த அடிமைக் கப்பலில், முன்பின் தெரியாத ஒரு சிறுவனைக் காப்பதற்காகக் காஸரில் தன் உயிரைப் பணயம் வைத்திருந்தான். சாகும் அளவுக்குச் சவுக்கடி பட்டான். அந்தச் சிறுவன் பிற்காலத்தில் இளவரசியை மணந்து அதே அரச குடும்பத்தில் ஒருவனாகிறான். யாரும் கேட்காத, யாரும் பார்க்காத, எந்த வரத்துக்காகவும் செய்யாத அந்தச் செயல்தான் மூன்றில் முதலாவது. பில்போவின் தாழ்ந்த கையும் காஸரிலின் கிழிந்த முதுகும் எனக்கு ஒரே நிகழ்ச்சியாகத்தான் தெரிகின்றன.

தெய்வங்கள்தான் தன்னை ஒவ்வோர் அடியாக நடத்தி வந்தனவா என்று காஸரில் குமுறும் இடம் ஒன்று இருக்கிறது. அப்படியென்றால் அவன் பட்ட வேதனைக்கெல்லாம் அவைதான் பொறுப்பு. யோசித்து யோசித்து அவன் வந்து சேரும் முடிவை நான் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். ஒருவேளை தெய்வங்கள் ஒவ்வோர் அடியையும் தீர்மானிக்கவில்லை. நூறு, ஆயிரம் காஸரில்களை இந்தப் பாதையில் அனுப்பிவைத்திருக்கலாம். வந்து சேர விரும்பியவர்கள் மட்டுமே வந்து சேர்கிறார்கள். அப்படியென்றால் நான் வந்து சேரும் முதல் ஆளா, கடைசி ஆளா என்று அடுத்தபடியாகக் கேட்டுக்கொள்கிறான். பாதியில் திரும்பியவர்களை நினைத்து எனக்கு அந்த இடத்தில் உடல் சிலிர்க்கும். தெய்வத் திட்டம் என்ற ஒன்று இருந்தும் மனித விருப்பம் பொம்மையாகிவிடாமல் இருக்க, இதைவிட நேர்மையான வழியை வேறு யாரும் கதையில் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

தெய்வமே இல்லாத உலகில் பொறுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு அர்சுலா லெ குவினிடம் போக வேண்டும். அவர் சீனத்தின் தாவோ மரபில் தோய்ந்தவர். 'தாவோ தே ஜிங்' நூலுக்கு 1997-இல் தம்முடைய ஆங்கில வடிவத்தையும் வெளியிட்டார். 1968-இல் வந்த 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலில் கடவுள் வந்து தீர்ப்புச் சொல்வதில்லை. சமநிலை மட்டுமே இருக்கிறது. ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் இன்னோரிடம் வறண்டு போகலாம். ஆகவே உண்மையான மந்திரவாதி மழையில் நனைந்துகொண்டு பேசாமல் நடக்கிறான். இளம் மந்திரவாதி ஸ்பாரோஹாக், பள்ளியில் இறந்துபோன ஒருவரின் ஆவியை வீம்புக்காக அழைக்கிறான். கிழிந்த பிளவின் வழியே ஒரு நிழல் வெளியேறி அவனைத் துரத்துகிறது. பல தீவுகள் தாண்டி ஓடி ஓடி, கடைசியில் திரும்பி நின்று, தானே அதைத் துரத்துகிறான். உலகின் விளிம்பில் இருவரும் சந்திக்கும்போது அவன் அதற்குச் சூட்டும் பெயர் அவனுடைய சொந்தப் பெயர். அவனுக்காக இதை வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

ஆனால் அருளே அங்கு இல்லை என்று சொல்லிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அவன் திறந்த பிளவை மூட முதிய தலைமை மந்திரவாதி தன் முழு ஆற்றலையும் செலவழித்து உயிர்விடுகிறார். அகந்தை பிடித்த ஒரு மாணவனுக்காக, அவன் கேட்காமலே. தெய்வத்தை எடுத்துவிட்டாலும் தகுதியில்லாதவனுக்கு வரும் கொடை கதையை விட்டுப் போகவில்லை. மனிதர்களின் கைக்கு மாறிவிடுகிறது. அடுத்த நாவலான 'த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' (1971) மதத்தை நேரடியாகவே விசாரிக்கிறது. சிறு வயதிலேயே பெயரைப் பறித்து, பெயரற்ற சக்திகளுக்குப் பூசாரியாக ஆக்கப்பட்ட டெனாரிடம், உன் தெய்வங்கள் பொய் என்று ஸ்பாரோஹாக் சொல்வதில்லை. அவை உண்மை, சக்தி உள்ளவை, ஆனால் வணங்கத் தகுந்தவை அல்ல என்கிறான். சக்தி இருப்பதாலேயே ஒன்று வணக்கத்துக்கு உரியதாகிவிடாது என்ற இந்த ஒரே வரி, நாத்திகத்துக்கும் ஆத்திகத்துக்கும் இடையே நாம் நடத்தும் பல பட்டிமன்றங்களைவிடக் கூர்மையானது.

சி.எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதைகள் (1950–1956) பற்றி எனக்கு இரு மனம் உண்டு. சிங்கமாக வரும் அஸ்லான் சில நேரம் தேவைக்கு அதிகமாகவே சரியான தருணத்தில் வந்துவிடுகிறது. குழந்தைகள் செய்ய வேண்டியதை எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஆனால் பேராசையால் டிராகனாக மாறிப்போன யூஸ்டஸ், தன் செதில் தோலைத் தானே மூன்று முறை உரித்துப் பார்த்தும் அடியில் மறுபடி செதிலே இருப்பதைக் காணும் இடம் அபாரமானது. சிங்கத்தின் நகத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து மல்லாந்து படுத்த பிறகுதான் அவன் மனிதனாகிறான். கடைசி நூலில், வாழ்நாள் முழுவதும் வேறொரு தெய்வத்தை உண்மையாக வழிபட்ட எமெத் என்ற எதிரி நாட்டு வீரனை அஸ்லான் தன்னுடையவனாக ஏற்றுக்கொள்கிறது. பிற சமயத்தாரின் கதி என்ன என்ற கேள்விக்கு, பக்தி மிகுந்த கிறிஸ்தவர் ஒருவர் குழந்தைகள் கதையில் இவ்வளவு தாராளமாகப் பதில் சொன்னது சாதாரணம் அல்ல.

லூயிஸை வெளிப்படையாக எதிர்த்தவர் ஃபிலிப் புல்மன். 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' (1995–2000) என்ற மூன்று நூல்களில் கடவுள் என்று சொல்லிக்கொண்டு ஆட்சி செய்தவர் தள்ளாத கிழவராகக் காற்றில் கரைந்துபோகிறார். சொர்க்க ராஜ்யம் போய், நாமே கட்ட வேண்டிய சொர்க்கக் குடியரசு வருகிறது. இங்கே பொறுப்பு முழுக்க மனிதனுடையது. ஆயினும் நாயகி லைரா உண்மையைச் சொல்லும் கருவியைச் சிறுமியாக இருந்தபோது பயிற்சியே இல்லாமல் படித்தாள். வளர்ந்ததும் அந்தத் திறன் மறைந்துவிடுகிறது. நீ அருளால் படித்தாய், இனி உழைப்பால் திரும்பப் பெறலாம் என்று ஒரு தேவதூதர் அவளிடம் சொல்கிறார். கடவுளையே அகற்றிய நாவலிலும் அந்தச் சொல் வந்து நிற்கிறது. அது புல்மனின் பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. தான் சம்பாதிக்காத ஒன்று தன்னிடம் இருந்தது என்ற அனுபவத்துக்கு அவருக்கும் வேறு சொல் கிடைத்திருக்காது.

இனி, கேள்வியில் இல்லாத, ஆனால் கேட்டே ஆக வேண்டிய மறுபக்கம். அருள் வாசல்வரை வந்தும், அருகில் நிற்கும் இன்னொரு மனிதனால் அது திரும்பிப் போனால்?

மறுபடியும் டோல்கீன்தான். டூம் மலைக்குப் போகும் வழியில், கிரித் உங்கோல் படிக்கட்டில் ஃப்ரோடோவும் சாமும் களைத்துத் தூங்கிவிடுகிறார்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு கோல்லம் திரும்பி வருகிறான். தூங்கும் ஃப்ரோடோவைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். கண்ணின் பச்சை வெறி அடங்குகிறது. நடுங்கும் கையை மெல்ல நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். வருடுவது போன்ற தொடுகை. அந்த நேரத்தில் யாராவது பார்த்திருந்தால், காலம் தின்று துப்பிய ஒரு கிழட்டு ஹாபிட்டைத்தான், ஃப்ரோடோவின் இனத்தவன் ஒருவனைத்தான் கண்டிருப்பார்கள். சாம் விழித்துக்கொள்கிறான். எஜமானின் மீது கை வைத்திருப்பதைப் பார்த்து, பதுங்கித் திரிகிறாயா என்று கடுமையாகக் கேட்கிறான். கோல்லத்தின் கண்ணில் பச்சை திரும்புகிறது. அந்த நொடி போய்விட்டது.

சாம் கெட்டவன் அல்லன். அன்பினால், காவலினால், பல நாள் தூக்கமின்மையால் வந்த சொல் அது. 1963-இல் ஒரு வாசகருக்கு எழுதிய கடித வரைவில் டோல்கீன் இந்த இடத்துக்குத் திரும்பி வருகிறார். சாம் அப்போது புரிந்துகொண்டிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்கிறார். அப்போதும் கோல்லம் மோதிரத்தைப் பறித்திருப்பான். அந்தப் பசியை அவனால் வெல்ல முடியாது. ஆனால் கையில் கிடைத்த பிறகு, ஃப்ரோடோவின் பொருட்டு, தானாகவே அதோடு நெருப்பில் குதித்திருப்பான்.